பீக்கின், நான்கின், பக்ளின்: வெய்ன் கவுண்டியின் டவுன்ஷிப்புகள் எங்கே போயின?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலம், வெய்ன் கவுண்டி (மாவட்டம் போன்ற ஆட்சிப் பிரிவு), கேண்டன் டவுன்ஷிப்பில் குடியிருக்கிறீர்கள். பழைய நிலப்படங்கள் சிலவற்றைப் பார்த்தபோது உங்கள் பகுதிக்குக் கிழக்கே ஒரு படத்தில் பக்ளின் என்றும், இன்னொன்றில் நான்கின், பீக்கின் என்றும் எழுதியிருக்கக் கண்டிருக்கிறீர்கள். இன்றைய படத்தில் அவற்றில் ஒன்றுகூட இல்லை. அந்த ஊர்கள் அழிந்துவிட்டனவா, சீன நகரங்களின் பெயர்கள் இருப்பதால் ஒரு காலத்தில் இங்கே சீனர்கள் வாழ்ந்தார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த இரண்டுக்கும் அடியில் இருக்கும் கேள்வி வேறு என்று எனக்குப் படுகிறது: நிலம் இருந்த இடத்திலேயே இருக்க, அதன்மேல் எழுதப்பட்ட பெயரும் எல்லையும் ஏன் இத்தனை முறை மாறின, அதை மாற்றியவர்கள் யார் என்பதே அது.

நேரடி விடை சுருக்கமானது. ஊர் எதுவும் அழியவில்லை. சீனர்கள் யாரும் அந்தப் பெயர்களைக் கொண்டுவரவும் இல்லை. ஆனால் இந்த இரண்டு வரியோடு நிறுத்தினால் நிலப்படம் உங்களுக்கு மறுபடியும் குழப்பத்தையே தரும். இதே மாநிலத்தில் நில உரிமைப் பத்திரங்களைச் சரிபார்க்கும் பணியில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில், பழைய பத்திரங்களைப் படிக்கப் பழகியவர்கள் இந்தப் பெயர்களை எப்படிப் பிரித்தறிகிறார்கள் என்பதை விரிவாகவே சொல்கிறேன். சட்ட ஏடுகளில் நாளோடு பதிவானவை எவை, வாய்வழியாக வந்து வழக்கமாகிவிட்ட விளக்கங்கள் எவை என்பதையும் ஆங்காங்கே பிரித்துக் காட்டுகிறேன்.

இங்கே இரண்டு விதமான டவுன்ஷிப்புகள் உண்டு என்பதில் தொடங்க வேண்டும். ஒன்று நில அளவை டவுன்ஷிப். 1785ஆம் ஆண்டின் நிலச் சட்டப்படி, அரசு விற்கவிருந்த நிலம் முழுவதும் பக்கத்துக்கு 6 மைல் கொண்ட சதுரங்களாக அளக்கப்பட்டது. ஒவ்வொரு சதுரத்திலும் ஒரு சதுர மைல், அதாவது 640 ஏக்கர் கொண்ட 36 செக்‌ஷன்கள். வடகிழக்கு மூலையில் 1 என்று தொடங்கி மேற்கே 6 வரை போய், அடுத்த வரிசையில் கிழக்கு நோக்கித் திரும்பி, ஏர் மடக்கி உழுவதுபோல மாறிமாறி வந்து தென்கிழக்கு மூலையில் 36 என்று எண்கள் முடியும். இந்தச் சதுரத்துக்குப் பெயர் கிடையாது, எண் மட்டுமே உண்டு. மற்றொன்று ஆட்சி டவுன்ஷிப். மக்கள் கூடி சூப்பர்வைசர், கிளார்க் முதலியோரைத் தேர்ந்தெடுத்து, வரி வசூலித்து, சாலை போட்டு, ஏழைகளுக்கு உதவி செய்யும் உள்ளாட்சி அமைப்பு அது. அதற்குத்தான் பெயர் வைத்தார்கள். அதைத்தான் பிரித்தார்கள், இணைத்தார்கள், மாற்றினார்கள். எண் கொண்ட சதுரம் அளந்த நாளிலிருந்து அப்படியே இருக்கிறது.

மிச்சிகனுக்கான அளவை 1815இல் தொடங்கியது. கிழக்கு மேற்காகப் போட்ட அடிப்படைக் கோடு இன்றைய எட்டு மைல் சாலை. வெய்ன் கவுண்டியின் வட எல்லையும் அதுவே. வடக்குத் தெற்காகப் போட்ட கோடு இங்கிருந்து வெகு தூரம் மேற்கே இருக்கிறது. ஆகவே வெய்ன் கவுண்டியின் சதுரங்கள் எல்லாம் அடிப்படைக் கோட்டுக்குத் தெற்கும் அந்த நெடுங்கோட்டுக்குக் கிழக்கும் அமைந்தவை. உங்கள் கேண்டன், டவுன்ஷிப் 2 தெற்கு, ரேஞ்ச் 8 கிழக்கு; அதாவது அடிப்படைக் கோட்டுக்குத் தெற்கே இரண்டாவது சதுர வரிசை, நெடுங்கோட்டுக்குக் கிழக்கே எட்டாவது நிரை. அதற்கு வடக்கே ஜாய் சாலையைத் தாண்டினால் பிளிமத், டவுன்ஷிப் 1 தெற்கு, அதே ரேஞ்ச் 8. கிழக்கே அடுத்த நிரை ரேஞ்ச் 9. அதற்கும் கிழக்கே, இங்க்ஸ்டர் சாலையைத் தாண்டினால் ரேஞ்ச் 10. நீங்கள் தேடும் மூன்று பெயர்களும் இந்த 9, 10 ஆகிய இரண்டு ரேஞ்சுகளிலும், முதல் இரண்டு டவுன்ஷிப் வரிசைகளிலும் உள்ள நான்கே சதுரங்களில் அடங்கிவிடும். பழைய படங்களையெல்லாம் ஒதுக்கிவிட்டு, இன்றைய சாலைப்படத்தில் எட்டு மைல் சாலை, ஜாய் சாலை, இங்க்ஸ்டர் சாலை ஆகிய மூன்றையும் சிவப்பு மையால் கோடிட்டுப் பாருங்கள்; நான்கு சதுரங்களும் தாமாகவே கண்ணுக்குத் தெரியும்.

கவுண்டியின் முற்கால வரலாற்றை விரைவாகக் கடந்துவிடலாம். பிரிட்டிஷ் படை டெட்ராய்ட் கோட்டையை 1796 ஜூலையில் விட்டுச் சென்றது. அதே ஆண்டு ஆகஸ்டில் வடமேற்கு ஆட்சிப்பகுதியின் (இன்னும் மாநிலம் ஆகாத கூட்டரசு நிலப்பகுதி) பொறுப்பு ஆளுநர் வின்த்ரப் சார்ஜென்ட் வெய்ன் கவுண்டியை அறிவித்தார். தளபதி ஆன்டனி வெய்னின் பெயரைத் தாங்கிய அந்த முதல் கவுண்டி இன்றைய மிச்சிகனின் பெரும்பகுதியையும், ஒஹையோ, இந்தியானா, இல்லினாய், விஸ்கான்சின் ஆகியவற்றின் சில பகுதிகளையும் உள்ளடக்கியது. மிச்சிகன் தனி ஆட்சிப்பகுதி ஆனது 1805இல். ஆளுநர் லூயிஸ் காஸ் 1815 நவம்பரில் வெய்ன் கவுண்டியை மறுபடியும் வரையறுத்தார். பழங்குடிகளிடமிருந்து உரிமை பெறப்பட்ட நிலம் முழுவதும் அப்போது ஒரே கவுண்டியாக இருந்தது. பிறகு 1817இல் மன்ரோ, 1818இல் மெக்கோம், அடுத்து ஓக்லண்ட், வாஷ்டெனா என்று ஒவ்வொன்றாகப் பிரிந்து போயின. கவுண்டி சுருங்கச் சுருங்கத்தான் அதன் உள்ளே டவுன்ஷிப்புகள் வகுக்கப்பட்டன என்பதை மனத்தில் கொள்ளுங்கள். பழைய ஆவணத்தில் வெய்ன் கவுண்டி என்று இருந்தால் அது எந்த ஆண்டின் வெய்ன் கவுண்டி என்று கேட்காமல் மேலே போகக்கூடாது.

இன்றைய அமைப்புக்கு வேர் 1827 ஏப்ரல் 12 அன்று ஆட்சிப்பகுதியின் சட்டமன்றம் இயற்றிய சட்டம். அது வெய்ன் கவுண்டியை ஒன்பது டவுன்ஷிப்புகளாகப் பிரித்தது: டெட்ராய்ட், ஸ்பிரிங்வெல்ஸ், ஹம்ட்ராமிக், மங்குவாகன், பிரவுன்ஸ்டவுன், ஈகோர்ஸ், ஹியூரான், பிளிமத், பக்ளின். இந்தப் பட்டியலிலேயே கவுண்டியின் மூன்று அடுக்கு வரலாறு தெரிகிறது. டெட்ராய்ட், ஈகோர்ஸ் இரண்டும் பிரெஞ்சுக்காரர்கள் வைத்த பெயர்கள். ஆற்றங்கரையை ஒட்டிய அந்தப் பகுதிகளில் பிரெஞ்சுக் குடும்பங்கள் ஏற்கெனவே ஆற்றை முகப்பாக வைத்து நீண்டு ஒடுங்கிய பண்ணைகளாக நிலத்தைப் பிரித்து வைத்திருந்தன. பின்னால் வந்த அரசு அளவையர்கள் அந்தப் பண்ணைகளை அப்படியே ஏற்றுக்கொண்டு, மிச்சமிருந்த நிலத்தில்தான் சதுரம் போட்டார்கள். ஹம்ட்ராமிக் என்பது 1796இல் கோட்டையின் பொறுப்பேற்ற அமெரிக்கப் படைத்தலைவரின் பெயர். மங்குவாகனும் பிரவுன்ஸ்டவுனும் வயன்டாட் என்ற பழங்குடி மக்களின் ஊர்கள். 1812 ஆகஸ்டில் இரண்டு இடங்களிலும் போர் நடந்தது. 1818இல் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் வயன்டாட் மக்கள் அந்த இரண்டு ஊர்களையும் விட்டுக்கொடுத்து ஹியூரான் ஆற்றங்கரை நிலத்துக்குப் போனார்கள். அவர்கள் போய் ஒன்பது ஆண்டுகள் கழித்து, அவர்களுடைய ஊர்ப்பெயர்கள் டவுன்ஷிப் பெயர்களாகச் சட்டத்தில் ஏறின. இதை வாசிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. பெயரைக் காப்பாற்றி வைத்தவர்கள் ஊரைக் காப்பாற்றிக் கொடுக்கவில்லை.

பிளிமத்தும் பக்ளினும் உள்நாட்டுக் காட்டுப்பகுதிகள். ஈரி கால்வாய் 1825இல் திறந்த பிறகு நியூயார்க் மாநிலத்திலிருந்தும் அதற்குக் கிழக்கேயிருந்தும் வந்தவர்கள் குடியேறிய இடங்கள் அவை. இங்கே பிரெஞ்சுப் பண்ணைகள் இல்லாததால் அளவைச் சதுரங்கள் முழுமையாக விழுந்தன. பக்ளின் 1827இல் தோன்றியபோது, நான் மேலே சொன்ன நான்கு சதுரங்களையும், ஏறத்தாழ 144 சதுர மைலையும், ஒன்றாகக் கொண்டிருந்தது. இனி அந்த நான்கும் எப்படிப் பிரிந்தன என்று பார்ப்போம். இதுதான் உங்கள் கேள்வியின் மையம். இதில் வரும் ஆண்டுகள் எல்லாம் சட்டங்களின் வழியே வந்தவை, ஐயத்துக்கு இடமில்லாதவை.

1829 அக்டோபரில் பக்ளின் இங்க்ஸ்டர் சாலையின் கோட்டில் இரண்டாக வெட்டப்பட்டது. மேற்குப் பாதி, அதாவது ரேஞ்ச் 9இன் இரண்டு சதுரங்கள், நான்கின் ஆயிற்று. கிழக்குப் பாதி, ரேஞ்ச் 10இன் இரண்டு சதுரங்கள், பீக்கின் ஆயிற்று. பக்ளின் என்ற பெயர் அத்துடன் மறைந்தது. பீக்கின் என்ற பெயரும் நெடுநாள் நிலைக்கவில்லை. 1833இல் அதை ரெட்ஃபோர்டு என்று மாற்றினார்கள். ரூஷ் ஆற்றை ஆழமில்லாத இடத்தில் கடந்து செல்லும் துறை அங்கே இருந்ததை அந்தப் பெயர் குறிக்கிறது. அதே ஆண்டில் ரெட்ஃபோர்டின் தென்பாதி டியர்பார்ன் என்ற தனி டவுன்ஷிப் ஆனது. ஜெபர்சன் காலத்தில் போர்த்துறைச் செயலராக இருந்த ஹென்றி டியர்பார்னின் பெயர் அது. மறு ஆண்டே, 1834இல், டியர்பார்னுக்குப் பக்ளின் என்று பெயர் மாறியது. இரண்டு ஆண்டுகள் கழித்து 1836இல் மறுபடியும் டியர்பார்ன் ஆனது. மேற்கே நான்கினிலும் பிரிவினை வந்தது. 1835இல் அதன் வடபாதி லிவோனியா ஆகப் பிரிந்தது. நான்கின் என்ற பெயர் தென்பாதிக்கு மட்டும் நின்றது.

இதை ஒரே சதுரத்தின் கண்ணோட்டத்தில் பாருங்கள். இன்றைய டியர்பார்னின் மேற்குப் பகுதி அமைந்துள்ள டவுன்ஷிப் 2 தெற்கு, ரேஞ்ச் 10 கிழக்கில் 1828இல் ஒருவர் பண்ணை வைத்து, அங்கிருந்து ஓர் அடிகூட நகராமல் 1836 இறுதி வரை வாழ்ந்திருந்தால், அவர் பக்ளின், பீக்கின், ரெட்ஃபோர்டு, டியர்பார்ன், பக்ளின், டியர்பார்ன் ஆகிய பெயர்களின்கீழ் வரிசையாக வரி கட்டியிருப்பார். இதில் பலரும் இடறி விழும் குழி ஒன்று இருக்கிறது. 1828இன் பக்ளினும் 1835இன் பக்ளினும் ஒன்றல்ல. முன்னது நான்கு சதுரம், பின்னது ஒரு சதுரம். இன்றைய லிவோனியாவில் வாங்கிய நிலத்தை 1828இல் பக்ளினில் உள்ளது என்று எழுதுவது சரி. 1835இல் அப்படி எழுதினால் அது தவறு. ஆண்டைப் பார்க்காமல் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு குடும்ப வரலாறு எழுதியவர்கள் நிலத்தைப் பல மைல் தள்ளி வைத்துவிட்டதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

ஏன் இவ்வளவு அவசரமாகப் பிரித்தார்கள் என்று கேட்கலாம். மிச்சிகன் ஆட்சிப்பகுதியில் 1830இல் சுமார் 31,000 பேர் இருந்தார்கள். மாநிலமான பிறகு, 1840இல், 2,12,000 பேர். அரசு நிலம் ஏக்கர் ஒன்றேகால் டாலருக்குக் கிடைத்தது. ஒரு புறம் கூட்டம் பெருகுகிறது. மறு புறம் சாலை இல்லாத காட்டுவழியில் 12 மைல் தள்ளி நடக்கும் டவுன்ஷிப் கூட்டத்துக்கு விவசாயி நடந்து போக வேண்டியிருக்கிறது. ஆகவே ஒரு சதுரத்தில் போதுமான குடும்பங்கள் சேர்ந்ததும் தங்களைத் தனியே பிரித்துவிடுங்கள் என்று சட்டமன்றத்துக்கு விண்ணப்பம் போனது. இதற்கான சட்டங்களைப் படித்தால் எல்லாமே ஒரே வார்ப்பு: இன்ன அளவை எண் கொண்ட நிலம் இனி இன்ன பெயருள்ள தனி டவுன்ஷிப், அதன் முதல் கூட்டம் இன்னாருடைய வீட்டில் நடக்க வேண்டும். மன்றக் கட்டடம் என்று ஒன்று இல்லாத காலம் ஆதலால், உள்ளாட்சி ஒருவருடைய வீட்டுக் கூடத்தில்தான் பிறந்தது. பெயர் மாற்றும் சட்டங்களோ இன்னும் சிறியவை. ஒரு வாக்கியத்தில் முடிந்துவிடும். காரணத்தை அவை பொதுவாகச் சொல்வதில்லை. இந்த மௌனத்தை நிரப்பத்தான் பிற்காலத்தில் பல கதைகள் எழுந்தன.

உங்கள் கேண்டனும் இதே அலையில் பிறந்ததுதான். 1827இன் பிளிமத் டவுன்ஷிப் ரேஞ்ச் 8இன் வடக்கு, தெற்கு இரண்டு சதுரங்களையும் கொண்டிருந்தது. 1834 மார்ச்சில் தென்சதுரம் பிரிந்து கேண்டன் ஆயிற்று. வடசதுரம் பிளிமத்தாகவே இருந்து, 1898இல் தன் வடபகுதியை நார்த்வில் டவுன்ஷிப்புக்குக் கொடுத்தது. தெற்கே ஹியூரானிலிருந்து 1835இல் வான் பியூரன், ரோமுலஸ் இரண்டும் பிரிந்தன. 1847இல் ஈகோர்ஸிலிருந்து டெய்லரும், 1848இல் ஹம்ட்ராமிக்கிலிருந்து கிராஸ் பாயின்டும் வந்தன. பெயர் வைத்த மனப்போக்கை இவற்றில் காணலாம். மார்ட்டின் வான் பியூரன் 1835இல் துணை அதிபர்தான். சக்கரி டெய்லர் 1847இல் மெக்சிகோ போரில் புகழ்பெற்ற தளபதி மட்டுமே, அதிபர் ஆகவில்லை. அன்றைய செய்தித்தாளில் அடிபட்ட பெயர் ஊர்ப்பெயராகிவிடும் காலம் அது. லிவோனியா, ரோமுலஸ் போன்றவை நியூயார்க் மாநிலத்தில் ஏற்கெனவே இருந்த ஊர்ப்பெயர்கள். குடியேறியவர்கள் பிறந்த மண்ணின் பெயரை மூட்டையோடு கொண்டுவந்தார்கள் என்று கொள்வதில் தடையில்லை.

இனி சீனப் பெயர்கள். நான்கின், பீக்கின், கேண்டன் மூன்றும் சீன நகரங்களான இன்றைய நான்ஜிங், பெய்ஜிங், குவாங்சோ ஆகியவற்றுக்கு அக்காலத்தில் மேற்கத்தியர் வழங்கிய பெயர்கள் என்பதும், 1829இல் இரண்டும் 1834இல் ஒன்றுமாக அவை வந்தன என்பதும் உறுதி. அந்த ஆண்டுகளில் இந்தப் பகுதியில் சீனக் குடியேற்றம் எதுவும் இல்லை. அமெரிக்காவுக்குச் சீனர்கள் பெருமளவில் வந்தது 1849க்குப் பிந்திய கலிபோர்னியத் தங்க வேட்டைக் காலத்தில்தான். அப்படியானால் அந்தப் பெயர்கள் ஏன்? இங்கே வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம் ஒன்று உண்டு. நாட்டின் வேறெந்த அஞ்சல் நிலையத்துக்கும் இல்லாத பெயரையே புதிய டவுன்ஷிப்புக்கு வைக்க வேண்டும் என்று அரசு விதித்ததாகவும், அதனால் யாரும் எடுத்திராத பெயரைத் தேடிச் சீனாவுக்குப் போனதாகவும் அது சொல்கிறது. உள்ளூர் வரலாற்றுக் குறிப்புகளில் இது திரும்பத் திரும்ப வரும்.

இதை நான் அப்படியே ஏற்பதில்லை, காரணத்தைச் சொல்கிறேன். ஒஹையோவின் கேண்டன் நகரம் 1805இலேயே நிறுவப்பட்டது. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேண்டன் அதற்கும் முந்தியது, 1797. நாடு முழுவதற்கும் ஒரே பெயர் என்ற விதி கண்டிப்பாக இருந்திருந்தால் 1834இல் மிச்சிகனில் ஒரு கேண்டனை அனுமதித்திருக்க முடியாது. லிவோனியாவும் பிளிமத்தும்கூட அந்த விதியைத் தாண்டியிருக்க மாட்டா. ஆட்சிப்பகுதிக்குள் ஒரே பெயர் இரண்டு முறை வரக்கூடாது என்ற அளவில் ஏதேனும் கட்டுப்பாடு இருந்திருக்கலாம், அது நம்பக்கூடியது. ஆனால் அது சீனப் பெயர்களைத் தேர்ந்தெடுக்கக் காரணம் ஆகாது. எனக்குப் பொருத்தமாகப் படுவது அன்றைய வணிகச் சூழல். 1784இல் நியூயார்க்கிலிருந்து முதல் அமெரிக்கக் கப்பல் கேண்டன் துறைமுகத்துக்குப் போனது. அதன்பின் 1842 வரை வெளிநாட்டு வணிகர்களுக்குச் சீனாவில் திறந்திருந்த ஒரே துறைமுகம் அதுதான். தேயிலையும் பீங்கானும் அவ்வழியே வந்தன. நான்கின் பெயரால் வழங்கிய மஞ்சள் பருத்தித் துணி அமெரிக்க வீடுகளில் கால்சட்டைக்குப் பயன்பட்டது. மிச்சிகன் காட்டில் மரம் வெட்டிய விவசாயிக்கும் அந்தப் பெயர்கள் கடையில் கேட்டுப் பழகியவை. முதல் இரண்டு பெயர்களும் ஒரே சட்டத்தில் சேர்ந்து வந்ததும், பக்கத்துச் சதுரம் பிரியும்போது மூன்றாவது பெயர் அதே வரிசையில் வந்ததும் இந்த எண்ணத்துக்கு வலு சேர்க்கின்றன. ஆயினும் இது என் அனுமானமே. முன் பத்தியில் சொன்ன ஆண்டுகளுக்கு உள்ள உறுதி இதற்குக் கிடையாது; உங்கள் குறிப்பேட்டில் எழுதினால் அந்த வேறுபாட்டோடு எழுதுங்கள்.

பெயர்கள் எப்படி மறைந்தன என்பது இருபதாம் நூற்றாண்டின் கதை. அதற்கு ஒரு சட்ட விதியே திறவுகோல். மிச்சிகனில் ஓர் இடம் வில்லேஜ் ஆக நிறுவப்பட்டால் அது டவுன்ஷிப்பின் உள்ளேயே இருக்கும். அங்குள்ளவர்கள் இரண்டுக்கும் வரி கட்டுவார்கள். நகரமாக நிறுவப்பட்டால் டவுன்ஷிப்பிலிருந்து முழுமையாக வெளியேறிவிடும். கார்த் தொழிற்சாலைகள் வந்து மக்கள் குவிந்தபோது, தண்ணீர்க் குழாயும் கழிவுநீர்க் கால்வாயும் வேண்டியவர்கள் ஒவ்வொரு துண்டாக நகரம் ஆனார்கள். அதனால் டவுன்ஷிப் கரைந்தது. நான்கினை எடுத்துக்கொள்ளுங்கள். கார்டன் சிட்டி 1930களில் நகரமாகி வெளியேறியது. வெய்ன் என்ற ஊர் 1960இல். டியர்பார்ன் எல்லையை ஒட்டிய இங்க்ஸ்டர் 1964இல். மீதியிருந்த நிலத்தில் 1965இல் வெஸ்ட்லாண்ட் என்ற பெரிய வணிக வளாகம் திறந்தது. அதன் வரி வருவாயோடு அந்தப் பகுதியை லிவோனியா தன்னோடு சேர்த்துக்கொள்ள முயன்றபோது, மிஞ்சிய நான்கின் முழுவதும் 1966இல் தன்னை ஒரு நகரமாக ஆக்கிக்கொண்டது. நகரத்துக்குக் கிடைத்த பெயர் வணிக வளாகத்தின் பெயர். 137 ஆண்டுகள் வழங்கிய நான்கின் என்ற பெயர், ரூஷ் ஆற்றங்கரையில் பூங்காவுக்குள் நிற்கும் நான்கின் மில்ஸ் என்ற பழைய மாவு ஆலைக் கட்டடம் போன்ற சில இடங்களில் தங்கிவிட்டது. கேண்டனிலிருந்து கிழக்கே சிறிது தூரம்தான். ஒருமுறை போய்ப் பாருங்கள்.

டியர்பார்ன் பகுதியில் நடந்தது இன்னும் சிக்கல். கிழக்கே ஸ்பிரிங்வெல்ஸ் டவுன்ஷிப் இருந்தது. ஹென்றி ஃபோர்டு 1863இல் பிறந்தது அந்த டவுன்ஷிப்பின் பண்ணை ஒன்றில்தான். அந்த இடம் இன்று டியர்பார்ன் நகர எல்லைக்குள் இருப்பதால் அவர் டியர்பார்னில் பிறந்தார் என்று எழுதுகிறார்கள். இரண்டும் சரியே, காலத்தைக் குறிப்பிட்டால். ஸ்பிரிங்வெல்ஸின் எஞ்சிய பகுதி 1924இல் நகரமாகி, 1925இல் ஃபோர்டு குடும்பத்தின் பெயரால் ஃபோர்ட்சன் ஆயிற்று. 1929இல் ஃபோர்ட்சனும் டியர்பார்னும் ஒன்றாக இணைந்து டியர்பார்ன் நகரம் ஆயின. டியர்பார்ன் டவுன்ஷிப்பில் நகரத்துக்குள் சேராமல் மிஞ்சிய நிலம் வடக்கில் ஒரு துண்டும் தெற்கில் ஒரு துண்டுமாக நின்றது. அதை நகரமாக்க 1960இல் வாக்களித்தார்கள். இங்க்ஸ்டரோடு நடந்த வழக்கு முடிந்து 1963இல் டியர்பார்ன் ஹைட்ஸ் பிறந்தது. இரண்டு துண்டுகளையும் ஒரு குறுகிய நிலப்பட்டை இணைப்பதை இன்றைய படத்திலேயே காணலாம். அந்த விசித்திர வடிவத்தை வரைந்தது ஆறும் அல்ல, மலையும் அல்ல. ஒவ்வொரு வெளியேற்றத்துக்கும் பிறகு டவுன்ஷிப்பில் மிச்சமிருந்தது எது என்பதுதான்.

டெட்ராய்ட் நகரம் விழுங்கியவை வேறு. 1830களின் தொடக்கத்தில் ஸ்பிரிங்வெல்ஸிலிருந்து பிரிந்த கிரீன்ஃபீல்ட் டவுன்ஷிப் படிப்படியாக நகரத்துக்குள் போய் முழுவதும் மறைந்தது. இன்று அது ஒரு சாலையின் பெயர். 1926இல் ரெட்ஃபோர்டின் கிழக்குப் பகுதியும் சேர்க்கப்பட்டது. டெட்ராய்டின் விரிவாக்கம் அந்த ஆண்டோடு நின்றது. மேற்கு ரெட்ஃபோர்டு இன்றும் டவுன்ஷிப்பாகவே இருக்கிறது. ஹம்ட்ராமிக் டவுன்ஷிப்பில் மிஞ்சிய சிறு பகுதி, போலந்துத் தொழிலாளர்கள் நிறைந்த ஊராக, டெட்ராய்டில் கரையாமல் இருக்க 1922இல் நகரமாகிக்கொண்டது. கிட்டத்தட்ட நான்கு பக்கமும் டெட்ராய்டால் சூழப்பட்டிருந்தும் அது தனி நகரமாகவே நிற்பதற்கு அதுவே காரணம். தெற்கே ஈகோர்ஸ் டவுன்ஷிப்பிலிருந்து வயன்டாட், ரிவர் ரூஷ், லிங்கன் பார்க், ஆலன் பார்க் என்று நகரங்கள் வெளியேறி, கடைசித் துண்டு 1958இல் சவுத்கேட் ஆனதோடு அந்த டவுன்ஷிப் முடிந்தது. பிரவுன்ஸ்டவுன் முடியவில்லை, உள்ளே நகரங்கள் கிளம்பியதால் மூன்று தனித்தனித் துண்டுகளாக இன்றும் நீடிக்கிறது.

இன்று வெய்ன் கவுண்டியில் 34 நகரங்களும் 9 டவுன்ஷிப்புகளும் உள்ளன. 1827இலும் ஒன்பதுதான் என்பது தற்செயல். அந்த முதல் ஒன்பதில் பிளிமத், ஹியூரான், பிரவுன்ஸ்டவுன் ஆகிய மூன்று மட்டுமே டவுன்ஷிப்பாகத் தொடர்கின்றன. அவையும் மூல அளவில் இல்லை. உங்கள் கேண்டன் ஓர் அபூர்வம். 1834இல் கிடைத்த பெயரையும், கிட்டத்தட்ட அதே 36 சதுர மைலையும் இன்றுவரை வைத்திருக்கிறது. 1947இல் வந்த சாசன டவுன்ஷிப் சட்டம், நகரங்கள் துண்டு துண்டாக எடுத்துக்கொள்வதிலிருந்து இத்தகைய டவுன்ஷிப்புகளுக்கு ஒரு காப்பைக் கொடுத்தது. தொழிற்சாலை நெருக்கம் கேண்டனை எட்டுவதற்கு முன்பே அந்தக் காப்பு வந்துவிட்டது.

நடைமுறைக்கு ஒரு குறிப்பு. பழைய மக்கள்தொகைக் கணக்கேடுகளைப் பார்ப்பவர்கள், 1830இல் பீக்கினில் இருந்த குடும்பம் 1840இல் டியர்பார்னில் இருப்பதைக் கண்டு அவர்கள் இடம்பெயர்ந்ததாக முடிவு செய்துவிடுகிறார்கள். பெயரை நம்பாமல் எண்ணைத் தேடுங்கள். அரசிடமிருந்து முதலில் நிலம் வாங்கியவருக்குக் கொடுத்த பட்டா, டவுன்ஷிப் பெயரைச் சொல்லாது. மேற்குப் பாதி, வடகிழக்குக் கால்பகுதி, செக்‌ஷன் 14, டவுன்ஷிப் 2 தெற்கு, ரேஞ்ச் 9 கிழக்கு, 80 ஏக்கர் என்ற முறையில் சொல்லும். அந்தப் பட்டாக்கள் கூட்டரசின் நில மேலாண்மைத் துறையின் இணையதளத்தில் பெயர் கொடுத்தாலே கிடைக்கின்றன, கட்டணம் இல்லை. பிந்திய விற்பனைகளுக்குக் கவுண்டியின் பத்திரப் பதிவகம். டவுன்ஷிப்புகளின் பழைய படங்களுக்கும் ஊர்க் குறிப்புகளுக்கும் டெட்ராய்ட் பொது நூலகத்தின் பர்ட்டன் வரலாற்றுத் தொகுப்பு. செக்‌ஷன் எண் கையில் கிடைத்துவிட்டால், அதை மேலே சொன்ன ஆண்டுகளோடு வைத்து, அந்த நிலம் எந்த ஆண்டில் எந்தப் பெயரின்கீழ் இருந்தது என்பதை நீங்களே எழுதிக்கொள்ளலாம். நகர எல்லைகள் குழம்பும் டியர்பார்ன், இங்க்ஸ்டர் பகுதிகளில் மட்டும், இருபதாம் நூற்றாண்டுப் பத்திரங்களில் எந்த நகரம் என்பதைச் சேர்த்தே சரிபாருங்கள்.